மூக்கடைப்புக்கு மீட்டர் உண்டா?

கேள்வி: எனக்கு வயது 53. மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கும் வேலை. ஒன்பது நாளுக்கு முன் வைரஸ் காய்ச்சல் வந்தது. மூன்று நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது, மூக்கடைப்பு இன்னும் முழுதாக விடவில்லை. ராத்திரி படுத்தால் ஒரு பக்கம் அடைக்கிறது, புரண்டு படுத்தால் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. ஈ.என்.டி. டாக்டர் மூக்குக்குக் கீழே ஒரு ஸ்டீல் தகட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் காத்து நல்லாத்தான் வருது” என்றார். எனக்கோ மூச்சு முட்டுகிறது. ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறது. மருந்துக்கடையில் வாங்கிய சளி மாத்திரை கேட்கவில்லை. தைலம் தடவினால் உடனே திறக்கிறது. ஆறு நாளாக ராத்திரியில் மூக்குச் சொட்டு மருந்தும் விட்டுக்கொள்கிறேன். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மீட்டர் இருக்கிறது. மூக்கடைப்புக்கு இல்லையா? இருந்தால் எங்கே போய் எடுப்பது? இதெல்லாம் மனப்பிரமை என்கிறாள் என் மனைவி. வீட்டில் ஐந்து மாதப் பேரனுக்கும் இரண்டு நாளாக மூக்கடைப்பு. அவனுக்கு எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

மீட்டர் இருக்கிறது ஐயா. நூறு வருஷத்துக்கு மேலாகவே மூக்கை அளக்க ஏதாவது ஒரு கருவியைச் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் இப்போது உங்களை அதன் முன் உட்கார வைக்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். அந்த மீட்டர் எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்று தெரிந்தால் காரணம் புரிந்துவிடும். உங்கள் வேலைக்கு அது சுலபமாகவே புரியும்.

முதலில் உங்கள் வீட்டம்மாவுக்கு ஒரு வார்த்தை: இது மனப்பிரமை இல்லை. உங்கள் டாக்டர் சொன்னதும் தவறில்லை. காற்று நன்றாக வருவதும், வரவில்லை என்று உங்களுக்குத் தோன்றுவதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம்.

டாக்டர் பிடித்தது நாக்கை அழுத்திப் பார்க்கிற தகடுதான். குளிர்ந்த உலோகத்தில் மூச்சுக்காற்றின் ஈரம் பட்டு, இரண்டு துவாரத்துக்கும் ஒவ்வொன்றாக இரண்டு மங்கல் திட்டுகள் விழும். எந்தப் பக்கத்துத் திட்டு சின்னதோ அந்தப் பக்கம் காற்று குறைவு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்துக்காரர் ஸ்வார்டமேக்கர் கண்ணாடியை வைத்து இதே சோதனையைச் செய்தார். செலவில்லை, அரை நிமிடத்தில் முடிந்துவிடும், குழந்தைக்கும் செய்யலாம். ஆனால் இது வெளியே விடுகிற மூச்சைக் காட்டுகிறது. நீங்கள் திண்டாடுவது உள்ளே இழுக்கும்போது. அப்புறம் அறையின் சூடு வேறு. ஏ.சி. அறையில் தகடு சில்லென்று இருக்கும், திட்டு அகலமாக விழும். மே மாதத்து ஓ.பி.யில் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், தகட்டைக் குளிர்ந்த தண்ணீரில் காட்டித் துடைத்துவிட்டுப் பிடித்தால்தான் ஏதோ தெரியும். அதுவும் சரியாகப் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். ஒரு பக்கம் சுத்தமாக மூடியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல சோதனை. நேற்றைவிட இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதனிடம் கேட்கக்கூடாது.

முறையான மீட்டர் என்றால் அது ரைனோமேனோமெட்ரி. ஒரு மூக்குத் துவாரத்தில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, காற்று கசியாதபடி டேப் ஒட்டிவிடுவார்கள். முகத்தில் ஒரு மாஸ்க். வாயை மூடிக்கொண்டு சாதாரணமாக மூச்சு விடச் சொல்வார்கள். ஒட்டிய பக்கத்தில் காற்று ஓடாது என்பதால், அந்தக் குழாய் மூக்கின் பின்பக்கத்து அழுத்தத்தை அப்படியே காட்டும். திறந்த பக்கத்தில் எவ்வளவு காற்று போகிறது வருகிறது என்பதை மாஸ்க்கில் இருக்கும் கருவி அளக்கும். அழுத்தத்தைக் காற்றோட்டத்தால் வகுத்தால் வருவது தடை. உங்கள் பாஷையில் வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ். ஓம் விதியேதான், ஒரு சின்ன வித்தியாசத்தோடு: மூக்குக்குள் காற்று சுழன்று ஓடுவதால் அழுத்தம் இரண்டு மடங்கானால் ஓட்டமும் இரண்டு மடங்காவதில்லை. அதனால் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்தில், வழக்கமாக 150 பாஸ்கலில், வரும் ஓட்டத்தை எடுத்துக் கணக்குப் போடுவார்கள். 150 பாஸ்கல் என்பது ஒன்றரை சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். சும்மா மூச்சு இழுப்பதற்கு மூக்கு கேட்பது அவ்வளவு கொஞ்சம்தான்.

இரண்டு துவாரமும் பேரலல் சர்க்யூட்டில் இருக்கின்றன. உங்களுக்கு இரண்டு பக்கமும் ஆளுக்கு 0.5 தடை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 0.25. நல்ல மூக்குள்ள பெரியவருக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். 0.3-ஐத் தாண்டினால் அடைப்பு என்று பொதுவாக எடுத்துக்கொள்வோம். இப்போது வலது பக்கம் வீங்கி 2.0 ஆகிறது, இடது பக்கம் சுருங்கி வழிவிட்டு 0.3-க்கு இறங்குகிறது. பேரலலில் கூட்டிப் பாருங்கள்: 0.26. மொத்த மூக்கும் நார்மல் என்று மீட்டர் எழுதிக் கொடுத்துவிடும். வலது பக்கத் தடை நாலு மடங்கு ஏறியிருப்பது உங்களுக்குத்தான் தெரியும். அடைப்பை வலது தனி, இடது தனி என்று கேட்டால் நோயாளி சொல்வதும் கருவி சொல்வதும் ஓரளவு ஒத்துப்போகும். மொத்தமாகக் கேட்டால் பல நேரம் ஒத்துப்போவதில்லை. ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் இது.

இந்த எண்கள் நான் வைத்தவை. ஆனால் பக்கம் மாறுவது நிஜமாகவே நடக்கிறது, ஜலதோஷம் இல்லாத மூக்கிலும் நடக்கிறது. மூக்கின் பக்கச் சுவரில் ‘சதை’ என்று ஜனங்கள் சொல்கிற மடிப்புகளுக்குள் ரத்தம் நிரம்பும் பைகள் உண்டு. ஒரு பக்கம் நிரம்பும்போது மறுபக்கம் வடியும், சில மணி நேரம் கழித்து மாறும். 1895-இல் ஜெர்மனியில் கைசர் என்ற டாக்டர் இதை எழுதிவைத்தார். நம் ஊரில் சரம் பார்க்கிறவர்கள் (மூச்சு எந்தத் துவாரத்தில் ஓடுகிறது என்று பார்ப்பவர்கள்) இடகலை, பிங்கலை என்று அதற்கு ரொம்ப முன்பே கவனித்திருக்கிறார்கள். அதை வைத்து நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. கவனித்தது என்னவோ சரியாகத்தான் கவனித்திருக்கிறார்கள். ஆரோக்கியமான மூக்கில் மொத்தத் தடை பெரிதாக மாறாததால் பலர் இதை உணர்வதே இல்லை.

வைரஸ் நுழைந்ததும் இந்த ஏற்ற இறக்கம் பெரிதாகிவிடுகிறது. அழற்சியில் சுரக்கும் பிராடிகைனின் போன்ற பொருள்கள் அந்தப் பைகளை விரிக்கின்றன. ஏற்கெனவே நிரம்பும் முறை வந்த பக்கம் அடியோடு அடைத்துக்கொள்கிறது, முறை வராத பக்கமும் முழுசாகத் திறப்பதில்லை. வலது 2.0, இடது 0.6 என்று போட்டுப் பாருங்கள், மொத்தம் 0.46-க்குப் போய்விடும். படுத்தால் தலைப் பக்கம் ரத்தம் தேங்குவதால் இன்னும் மோசம். ஒருக்களித்துப் படுத்தால் கீழே அழுந்துகிற விலாப்பக்கத்திலிருந்து ஓர் அனிச்சைத் தூண்டல் போய், அதே பக்கத்து மூக்கைக் கொஞ்ச நேரத்தில் அடைக்கிறது. நீங்கள் புரண்டதும் அடைப்பு மறுபக்கம் போவது இதனால்தான். சளி உருண்டு அந்தப் பக்கம் போகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சளிக்கு அதில் பங்கு குறைவு, வீக்கத்துக்குத்தான் அதிகம்.

ஆக, வைரஸ் சளி பிடித்தவரை ஒரே ஒரு தடவை அளந்து கிடைக்கும் எண்ணுக்கு மதிப்பு ரொம்பக் குறைவு. காலையில் எடுத்தால் ஒன்று, மத்தியானம் எடுத்தால் வேறொன்று. ஆஸ்பத்திரி மாடிப்படி ஏறி வந்த கையோடு எடுத்தால் மூக்கு திறந்தே இருக்கும், ஏனென்றால் உடம்பு உழைக்கும்போது அந்த ரத்தப்பைகள் சுருங்கும். அதனால்தான் எடுப்பதற்கு முன் இருபது முப்பது நிமிடம் சும்மா உட்கார வைக்கிறார்கள். மெதுவாக மூக்கைச் சிந்தச் சொல்கிறார்கள். சிந்தாமல் எடுத்தால் அளப்பது சளியையா வீக்கத்தையா என்று தெரியாது. நிஜமாகவே மோசமாக அடைத்திருக்கிறவரிடம்தான் கருவி அதிகம் திணறும்: ஒரு பக்கம் முழுசாக மூடிவிட்டால் அந்தப் பக்கம் வைத்த குழாய்க்குப் பின்பக்கத்து அழுத்தம் வந்து சேராது, ஆகவே திறந்திருக்கும் பக்கத்தையும் அளக்க முடியாது. அப்படிப்பட்டவர்களுக்குக் குழாயை வாய்க்குள் வைத்து எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. நாக்கையும் அண்ணத்தையும் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும், எல்லோருக்கும் அது வருவதில்லை.

இவ்வளவு சிரமம் இருந்தும் இந்தக் கருவி யாருக்குத்தான் உதவும்? ஒன்று, மூக்குத் தண்டு வளைவுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று யோசிக்கிற இடத்தில். சொட்டு மருந்து விடுவதற்கு முன் ஒரு தடவை, விட்ட பின் ஒரு தடவை எடுப்பார்கள். மருந்துக்குப் பிறகு தடை நன்றாக இறங்கினால் அடைப்பு வீக்கத்தால். இறங்கவே இல்லை என்றால் எலும்பு, குருத்தெலும்பு பக்கம் பார்க்க வேண்டும். இன்னொன்று, மருந்து ஆராய்ச்சி. இங்கிலாந்தை அடுத்த வேல்ஸில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ரான் எக்கல்ஸ் என்பவர் 1988-இல் ஜலதோஷத்துக்கென்றே ஒரு ஆய்வு மையம் தொடங்கி, சளி பிடித்தவர்களை வரவழைத்து இதைத்தான் வருஷக்கணக்காகச் செய்தார். மருந்து கொடுத்த கூட்டத்துக்கும் கொடுக்காத கூட்டத்துக்கும் மணிக்கு மணி அளந்து சராசரி எடுத்தால், தனி ஆளின் ஏற்ற இறக்கம் சமனாகிவிடும். வித்தியாசம் இருந்தால் தெரியும். உங்கள் ஒருவருக்கு மட்டும் அந்த வசதி இல்லை.

அங்கிருந்து வந்த ஒரு கண்டுபிடிப்பு உங்கள் தைலத்துக்கு நேர் சம்பந்தமுள்ளது. மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் ஆவியை முகரச் செய்து அளந்தார்கள். மூக்கு திறந்துவிட்டது என்றார்கள் முகர்ந்தவர்கள். தடை அப்படியே இருந்தது, கொஞ்சம்கூட இறங்கவில்லை. எதிர்ப்பக்கமும் செய்து பார்த்தார்கள்: மூக்கின் முன்பகுதியில் மரத்துப்போகும் மருந்தைத் தடவினால், காற்று அதே அளவு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு அடைத்தது போலத் தோன்றியது. காற்று எவ்வளவு போகிறது என்று கணக்குப் பார்க்கும் நரம்பு மூக்கில் கிடையாது. உள்ளே போகிற காற்று சவ்வைக் குளிர வைக்கிறது; அந்தக் குளிர்ச்சியை நரம்பு மூளைக்குச் சொல்கிறது; காற்று வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. நரம்பு நுனியில் அந்தக் குளிரை உணரும் ஏற்பி என்கிற புரதத்தையே மெந்தால் நேராகத் தட்டுகிறது. 2002-இல் அந்த ஏற்பியைத் தனித்தனியாகக் கண்டுபிடித்த ஜூலியஸும் பட்டாபூட்டியனும், வெப்பமும் தொடுதலும் எப்படி உணரப்படுகின்றன என்ற வேலைக்காக 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆகவே தைலம் உங்களை ஏமாற்றுகிறது என்று சொன்னால் அது பாதி உண்மை. வழியை அது அகலப்படுத்தவில்லை, தவிப்பைக் குறைக்கிறது. தூங்க முடியாதவருக்கு அதுவே போதும். நெஞ்சிலும் கழுத்திலும் தடவிக்கொள்ளுங்கள், மூக்குக்குள் வேண்டாம்.

சுக்குக் காபி, மிளகு ரசம் பற்றியும் யாராவது கேட்பார்கள் என்று தெரியும். சுக்குக் காபியை யாரும் அளந்ததாக எனக்கு நினைவில்லை; சூடான பழரசத்தை 2008-இல் கார்டிஃபிலேயே அளந்திருக்கிறார்கள். காற்றோட்டம் மாறவில்லை, ஆனால் மூக்கொழுகல், இருமல், தொண்டை வலி, உடம்புச் சோர்வு குறைந்ததாகக் குடித்தவர்கள் சொன்னார்கள். குடியுங்கள்.

அளப்பது வெறும் படிப்பாளிகள் சமாச்சாரம் இல்லை என்பதற்கு உங்கள் சளி மாத்திரையே சாட்சி. அட்டையை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் ஃபினைல்எஃப்ரின் என்று இருக்கும். மூக்கடைப்பைக் குறைக்கும் என்று சேர்க்கப்படுவது அது. அமெரிக்காவில் 1976-இல் நிபுணர் குழு ஒன்று அதற்குச் சம்மதம் கொடுத்தபோது பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் மூக்குத் தடையை அளந்தவைதான். சிலவற்றில் நல்ல பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. பலன் தூக்கலாகத் தெரிந்த முடிவுகள் ஒரே ஆய்வகத்திலிருந்து வந்தவை, வேறு இடத்தில் செய்தபோது அப்படி வரவில்லை. பின்னாளில் நோயாளியின் அடைப்பு உணர்வையே தினமும் குறித்து நடத்திய பெரிய ஆய்வுகளில் வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. வாயால் விழுங்கும்போது குடல் சுவரிலேயே பெரும்பங்கு செயலிழந்துவிடுகிறது, மூக்குக்குப் போய்ச் சேர்வது அற்பம். 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு 16-க்கு 0 என்று ஓட்டுப் போட்டு, இந்த அளவில் இது வேலை செய்யவில்லை என்றது. 2024 நவம்பரில், சீட்டு இல்லாமல் கடையில் விற்கலாம் என்கிற மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து இந்த மாத்திரை மருந்தை நீக்கும் முன்மொழிவும் வந்தது. மூக்கில் நேராக விடும் சொட்டு மருந்துக்கு இது பொருந்தாது, மாத்திரைக்கு மட்டும்தான். நம் ஊர்க் கடைகளில் அந்த மாத்திரை இன்றும் விற்கிறது. கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது கேட்காததில் ஆச்சரியமே இல்லை.

வேறு மீட்டர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஒலி அலையை மூக்குக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்து எந்த ஆழத்தில் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று வரைபடம் போடும் அக்கூஸ்டிக் ரைனோமெட்ரி 1989-இல் டென்மார்க்கில் வந்தது. மூச்சு விடவே வேண்டாம், சில நொடி வேலை. ஆனால் அது காட்டுவது வழியின் அகலத்தை, ஓடும் காற்றை அல்ல.

கையடக்கமானது ஒன்று உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரைத் திருப்பி, ஊதுவதற்குப் பதில் மூக்கால் இழுக்கும்படி மாஸ்க் பொருத்தியது. 1980-இல் யூல்டன் என்பவர் அறிமுகப்படுத்தியது. மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பிடித்து, வாயை மூடி, மூக்கால் ஒரே இழுப்பில் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும். மூன்று தடவையில் அதிகமானதை எழுதிக்கொள்ள வேண்டும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 100-லிருந்து 150 லிட்டர் வரை வருவது சகஜம். நீங்கள் ஆசைப்படுகிற வீட்டு மீட்டருக்குக் கிட்டத்தட்ட வருவது இதுதான். சிக்கல் என்னவென்றால் இழுக்கிற வீரியத்தைப் பொறுத்து எண் மாறும். முதல் நாளைவிட மூன்றாம் நாள் உங்களுக்குக் கை பழகிவிடும், மூக்கு திறக்காமலேயே எண் ஏறும். வேகமாக இழுக்கும்போது சிலருக்கு மூக்கின் பக்கச் சுவர் உள்ளே ஒட்டிக்கொள்ளும். காய்ச்சலில் துவண்டு கிடக்கிறவரின் நுரையீரல் வலுவும் சேர்ந்தே அளக்கப்படும். இரண்டு பக்கத்தையும் பிரித்துச் சொல்லாது. அப்புறம், சளி நிறைந்த மூக்கை அப்படி வெடுக்கென்று இழுத்தால் காதடைப்பும் வரலாம். மாதக்கணக்கில் அலர்ஜியோடு இருப்பவருக்கு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். பத்து நாள் சளிக்கு வேண்டாம்.

உங்களுக்கு நான் தரும் மீட்டர் ஒரு பழைய டைரிதான். ஆராய்ச்சியிலும் கடைசியில் இதைத்தான் நம்புகிறார்கள். காலையில் பல் தேய்த்து, மூக்கை மெதுவாகச் சிந்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்த பிறகு ஒரு தடவை. இரவு படுப்பதற்கு முன், தைலம் சொட்டு மருந்து எதையும் தொடாமல் ஒரு தடவை. ஒரு துவாரத்தை விரலால் லேசாக மூடி (மூக்கை வளைக்காமல், நசுக்காமல்), மற்றதால் வாயை மூடிக்கொண்டு இரண்டு மூன்று மூச்சு. சுத்தமாகத் திறந்திருந்தால் 0, காற்றே வரவில்லை என்றால் 10. வலது இவ்வளவு, இடது இவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். ராத்திரி அடைப்பால் எத்தனை முறை விழித்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்று எழுதியதைப் பார்க்காமல் எழுதுவது நல்லது. பார்த்தால் கை தானாக அதற்குப் பக்கத்தில் ஒரு எண்ணைப் போடும். உங்கள் வேலையில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த எண்களில் நான் பார்ப்பது போக்கை. வைரஸ் சளி பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஏழிலிருந்து பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும், சிலருக்கு இரண்டு வாரம் இழுக்கும். ஒன்பதாம் நாளில் அடைப்பு இருப்பது அசாதாரணம் இல்லை. எண்கள் மெல்ல இறங்கினால் பயமில்லை. பத்து நாள் தாண்டியும் இறங்காமல் நின்றாலோ, இறங்கிவந்த எண் ஐந்து நாளுக்குப் பிறகு திடீரென ஏறினாலோ டாக்டரிடம் டைரியோடு போங்கள். சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள். அந்த நிறம் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது, வைரஸ் சளியிலும் வரும். ஏறிய காய்ச்சலோடு ஒரு பக்கக் கன்னம் மட்டும் விண்விண் என்று வலித்தால் அது வேறு விஷயம். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், தாங்க முடியாத தலைவலி வந்தால் அன்றைக்கே போக வேண்டும். சர்க்கரை உள்ளவராக இருந்து, கன்னம் மரத்துப்போனாலோ மூக்கில் கறுப்பாகப் பொருக்கு வந்தாலோ அதுவும் அப்படியே. 2021-இல் கறுப்புப் பூஞ்சையால் நிறையப் பேர் பட்டது ஞாபகம் இருக்கும்.

ஆக்ஸிமீட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். மூக்கு இரண்டும் அடைத்தால் பெரியவர் வாயால் மூச்சு விடுவார், ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையாது. 98 என்பது நுரையீரல் நன்றாக இருப்பதைச் சொல்கிறது, மூக்கைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது 94-க்குக் கீழே இறங்கினால் பிரச்சினை மூக்கில் இல்லை என்று எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையிலேயே கவலை தந்த வரி அந்த ஆறு நாள் சொட்டு மருந்து. சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் வகை மருந்துகள் வேலை செய்கிறவை. ரைனோமேனோமெட்ரியிலும் தடை இறங்குவது பளிச்சென்று தெரியும். ஆனால் சில நாளுக்கு மேல் போனால், மருந்தின் வேகம் குறைந்ததும் ரத்தப்பைகள் முன்பைவிட அதிகமாக வீங்க ஆரம்பிக்கும். அந்த அடைப்புக்கு மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. வருஷக்கணக்காகப் பாக்கெட்டில் பாட்டிலோடு அலைகிறவர்களை ஓ.பி.யில் அடிக்கடி பார்க்கிறோம். எத்தனை நாள் என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் என்பது என் கணக்கு. இன்றைக்கு ராத்திரி நிறுத்துங்கள். ஒரேயடியாக நிறுத்தப் பயமாக இருந்தால் முதலில் ஒரு பக்கம் மட்டும் நிறுத்துங்கள், இரண்டு மூன்று நாளில் அந்தப் பக்கம் தானாகத் திறந்ததும் மற்ற பக்கம். நடுவில் உப்புநீர் சொட்டு எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம். தலைமாட்டை உயர்த்திப் படுங்கள், அதிகம் தொந்தரவு தருகிற பக்கம் மேலே இருக்கும்படி ஒருக்களியுங்கள். டைரியில் எண் முதல் ஓரிரு இரவு ஏறும், பயப்படாதீர்கள். ஒரு வாரம் ஆகியும் இறங்கவில்லை என்றால் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே தேவைப்படலாம், அதை டாக்டர் எழுதித் தரட்டும்.

இனி பேரன். ஐந்து மாதக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும், வாயால் விடுவது அவ்வளவாகப் பழகியிருக்காது. அதனால் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் அதே அடைப்பு அவனுக்குப் பால் குடிக்க முடியாத அடைப்பாகும். அவனுக்கு மீட்டர் என்பது பால்தான். இரண்டு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு மூச்சுக்காக வாயை எடுத்து அழுகிறானா, வழக்கத்தில் பாதியாவது குடிக்கிறானா, ஈரத் துணிகள் எண்ணிக்கை குறைந்திருக்கிறதா என்று அவன் அம்மாவைப் பார்க்கச் சொல்லுங்கள். பால் கொடுப்பதற்குக் கொஞ்சம் முன் ஒவ்வொரு பக்கமும் ஒன்றிரண்டு சொட்டு உப்புநீர், பிறகு மூக்கில் இளகி வருவதைத் துடைத்து எடுப்பது, அவ்வளவு போதும். வாயை வைத்து உறிஞ்சி எடுக்கும் பாட்டி வைத்தியம் வேண்டாம், சளி பிடித்த நீங்கள் பக்கத்தில் போய்க் கொஞ்சுவதும் இரண்டு நாளைக்கு வேண்டாம். உங்கள் சொட்டு மருந்தை அவனுக்கு விடக் கூடாது, பெரியவர்கள் தைலத்தைத் தடவக் கூடாது. மெந்தாலும் கற்பூரமும் கைக்குழந்தைக்கு மூச்சையே நிறுத்திப் பார்க்கும். ஆவி பிடிக்க வைப்பதும் கூடாது, கொதிநீர் கொட்டி வெந்துபோகும் ஆபத்து. சளி சிரப்பும் வேண்டாம்: குளோர்ஃபெனிரமின், ஃபினைல்எஃப்ரின் சேர்ந்த சிரப்பை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே நம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது.

அவன் தூங்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். அவன் வயதுக்கு 50-ஐத் தொட்டாலோ, விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிப்பதை விட்டுவிட்டாலோ, நேரே குழந்தை டாக்டரிடம்.

நீங்கள் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவரா என்று எழுதவில்லை. சாப்பிடுகிறவராக இருந்தால், அல்லது இதயக் கோளாறு, புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்த நோய் இருந்தால், கடையில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையையும் சொட்டு மருந்துப் பாட்டிலையும் உங்கள் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். எண்கள் பத்தாம் நாளுக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால் டைரியோடு மறுபடி எழுதுங்கள்.